மாக்தா வீட்டு முற்றத்தில் ஒரு வழுக்கைத் தலை

எனக்கு இருபத்தேழு வயதில் முடி கொட்டியது. ஐம்பத்தோராவது வயதில் அது குற்றமானது. நடுவிலிருந்த இருபத்துநான்கு வருஷமும் நான் எங்கள் ஊரான தோல்னா மிராவாவுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பல்கேரியாவிலேயே சாதுவான ஊர் எங்களுடையது. போன வருஷம் முழுவதும் இங்கே களவுபோனது மூன்று சைக்கிள், ஒரு பித்தளைக் குழாய். மூன்றில் ஒரு சைக்கிள் களவே போகவில்லை. சொந்தக்காரர் அதை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துவிட்டார். இருந்தாலும் மே மாதம் எங்கள் காவல் நிலையத்துக்கு ஒரு ட்ரோன் வந்தது. பெயர் ராஜாளி-2. ராஜாளி-1 என்று ஒன்று இருந்ததே இல்லை. 'இரண்டு' என்று போட்டால் அனுபவசாலி மாதிரி இருக்கும் என்று கமிஷனர் பெய்கோவ் நினைத்திருக்கிறார்.

தொடக்க விழாவுக்கு பாண்டு வாத்தியம் வந்தது. பாதிரியார் வந்தார். அவர் துளசிக் கொத்தைப் புனித நீரில் நன்றாக முக்கி, எந்தக் கஞ்சத்தனமும் இல்லாமல் ராஜாளியின்மேல் தெளித்தார். ராஜாளி லேசாகப் புகைவிட்டு அடங்கியது. பழுதுபார்க்க மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாவது தொடக்க விழாவில் பாதிரியாரை இருபது மீட்டர் தள்ளி நிற்கவைத்தார்கள்.

கமிஷனர் பெய்கோவ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அன்பான குடிமக்களே! இவ்வளவு நாளா நீங்க உங்க வீட்டு முற்றத்துல தனியா இருந்தீங்க. அங்க என்ன பண்றீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இந்த வேதனைய நெஞ்சுல வச்சுக்கிட்டு நாங்க எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கோம்! இனிமே அந்தக் கவலை இல்ல. இனி இந்த ஊர்ல யாருமே தனியா இல்ல!"

பாண்டு முழங்கியதால் நாங்கள் கைதட்டினோம். வாத்தியம் ஓய்ந்ததும் ஒரே ஒரு குரல் கேட்டது. அது மாக்தா. என் பக்கத்து வீட்டுக்காரி. கடைவீதியில் பெண்களுக்கு முடி வெட்டி அலங்கரிக்கும் கடை வைத்திருப்பவள். கணவனை விட்டுப் பிரிந்தவள், மகள் ஸ்பெயினில் வேலை பார்க்கிறாள்.

"கமிஷனர் ஐயா, எனக்குத் தனியா இருக்கணும்னு ஆசையா இருந்தா?"

"தாராளமா இருங்க. அதுக்குப் படிவம் வச்சிருக்கோம்."

அந்தப் படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன காரணத்துக்காகத் தனியாக இருக்கப்போகிறீர்கள் என்று நான்கு கேள்வி. பூர்த்திசெய்து கொடுத்தால், சொன்னபடி தனியாகத்தான் இருக்கிறீர்களா என்று சரிபார்க்க ராஜாளி வரும்.

ஜூலையில் சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஊரில் முற்றம் உள்ள வீடெல்லாம் திராட்சைப் பந்தல் உள்ள வீடுதான். கோடை முழுவதும் அதன் கீழேதான் சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம். சுற்றறிக்கை அதை 'மேலிருந்து வரும் பார்வைக்குத் தடை' என்று சொன்னது. பதினான்கு நாளுக்குள் கொடியை வெட்ட வேண்டும். காய் அப்போதுதான் கடுகளவு பிடித்திருந்தது. சிலர் வெட்டினார்கள், சிலர் வெட்டுவதாகச் சொன்னார்கள். மாக்தா அந்தக் காகிதத்தைச் சுருட்டி வாடிக்கையாளர் கூந்தலில் சுருள் விழவைக்கப் பயன்படுத்திக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை அவள் ப்ளோவ்திவ் நகரத்துக்குப் போயிருந்தபோது நகராட்சி ஆட்கள் வந்து அவள் பந்தலை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். அவள் திரும்பி வந்த மாலை, என் பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் வீட்டு வாசலில் ரொம்ப நேரம் பையோடு நின்றாள். நான் பார்த்தேன். பிறகு பஸ்ஸைப் பின்னால் எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து தபால் நிலையத்துப் பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. நேர் மேலேயிருந்து எடுத்த படம். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, அதன் நடுவில் உருண்டையாக ஒரு வழுக்கை, அதற்குக் கீழே இரண்டு முழங்கால், ஒரு பீச் பழம். கீழே எழுதியிருந்தது: 'குடிமகள் மாக்தாவின் முற்றத்தில் அடையாளம் தெரியாத வழுக்கைத் தலை ஆண், காலை நேரங்களில் ஒன்பது முறை காணப்பட்டார். வாசல் வழியாக உள்ளே போனதாகவோ வெளியே வந்ததாகவோ பதிவு இல்லை. எனவே ஒளிந்திருக்கிறார். தகவல் தெரிந்தவர்கள் அணுகவும்.'

அன்று சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த முப்பத்தோரு வழுக்கைகளும் தங்கள் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொப்பி விற்கும் கடையில் தொப்பி தீர்ந்துபோனது. மறுநாள் தொப்பி வாங்கியவர்களின் பட்டியலை போலீஸ் வாங்கிக்கொண்டு போனது.

என் மனைவி இஸ்க்ரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். முந்நூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள். அந்தப் பார்வையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"அது நீயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் உச்சந்தலைய நானே பார்த்ததில்ல."

இதைவிட மோசமான பதில் ஒன்று இருந்திருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. இஸ்க்ரா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

பக்கத்து வீட்டு வழுக்கை என்பதால் முதல் சம்மன் எனக்கு வந்தது. கமிஷனர் மேசைமேல் அந்தப் படம் சட்டம் போட்டு வைக்கப்பட்டிருந்தது. சார்ஜென்ட் லில்கோ குறிப்பெடுத்தார். லில்கோ நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிவிடுவார். அதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை.

"காலையில பத்து மணிக்கு எங்க இருப்பீங்க, த்ரைக்கோ?" என்றார் கமிஷனர்.

"பஸ்ல."

"சாட்சி?"

"பஸ் நிறைய ஆளுங்க."

"அவங்க உங்க தலையைப் பார்த்தாங்களா?"

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க வேற எதைப் பார்ப்பாங்க?"

"பின்பக்கம் எனக்கு வேணாம். எங்ககிட்ட இருக்கிறது உச்சி. உச்சியைப் பார்த்தது யாரு?"

"கடவுள்."

லில்கோ எழுதிக்கொண்டார். கமிஷனர் யோசித்தார்.

"ரெண்டு தடவை ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு பஸ் இல்ல. எங்க இருந்தீங்க?"

"கொட்டகையில. தக்காளிப் பெட்டிக்கு ஆணி அடிச்சுக்கிட்டிருந்தேன்."

"கொட்டகைக்குக் கூரை இருக்கா?"

"இருக்கு."

"பாருங்க," என்றார் வருத்தத்தோடு. "நேர்மையான மனுஷனுக்குக் கூரை எதுக்கு?"

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்திருக்க வேண்டும். ஆனால் மாக்தாமேல் வந்தது. யாரையோ வீட்டில் வைத்துக்கொண்டு கொஞ்சுவது அவள், தலையணை போனது எனக்கு. நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"மாக்தா, உன் வீட்டுல யாரு இருந்தா எனக்கென்ன? ஆனா அது நான் இல்லன்னு இஸ்க்ராகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"உள்ள வாங்க அண்ணே," என்றாள்.

சமையலறையில் உட்காரவைத்தாள். தயிரைக் கரைத்து உப்புப் போட்டு ஒரு தம்ளர் கொடுத்தாள். பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய், தொப்பியைக் கழற்றுகிற மாதிரி தன் முடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாக்தாவைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அண்ணே. ஆனா என் தலையும் பெய்கோவ் தலையும் ஒண்ணுன்னு மட்டும் எழுதிடாதீங்க," என்றாள்.

"மார்புல கட்டி," என்றாள் அன்று. "பிப்ரவரியில அறுத்து எடுத்தாங்க. திங்கக்கிழமை திங்கக்கிழமை உங்க பஸ்ல போறது மருந்து ஏத்திக்க. விக் வச்சா தலை கொதிக்குது. காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வெறும் தலையில காத்து படட்டும்னு உட்காருவேன். பந்தல் இருந்துச்சு. யாருக்கும் தெரியாது."

தம்ளரைக் கீழே வைத்தேன். ஆறு மாதமாக அவளை ரயிலடியில் இறக்கிவிட்டிருக்கிறேன். அவளுக்கு நகரத்தில் யாரோ புது ஆள் இருக்கிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"மகளுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து நிப்பா. மருந்து முடிஞ்சதும் நானே சொல்லிக்குவேன். எப்ப சொல்லணும், யாருகிட்ட சொல்லணும்னு முடிவு பண்றது நானு."

"அப்ப பெய்கோவ்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லிடேன். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும் அண்ணே. ஆனா ஏன் சொல்லணும்? என் முற்றத்துல உட்கார்ந்து நான் பழம் தின்னேன். அவரு மேலேருந்து எட்டிப் பார்த்தாரு. விளக்கம் சொல்லவேண்டியது யாரு, நானா அவரா?"

எனக்கு என் கோபம் எங்கே போயிருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்குப் போனேன். "என்ன சொன்னா?" என்றாள் இஸ்க்ரா. "ஒண்ணும் இல்ல," என்றேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் வந்தது, மேசையில் சத்தத்தோடு.

ஆகஸ்ட் கடைசியில் 'தலை ஒப்பீடு' அறிவிக்கப்பட்டது. விதிமுறைகளைக் கமிஷனரே எழுதியிருந்தார். வழுக்கையர் அனைவரும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கால்பந்து மைதானத்துக்கு வர வேண்டும். ராஜாளி மேலேயிருந்து ஒவ்வொரு தலையையும் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறவர், அந்த ஒன்பது நாளும் தன் தலை எங்கே இருந்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் வீட்டைச் சோதனை போடுவார்கள். யாரும் ஒத்துப்போகவில்லையென்றால் ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று பொருள். மாக்தா வீட்டைச் சோதனை போடுவார்கள். இது ஏழாவது விதி.

மைதானத்தில் முப்பத்தோரு வெள்ளை நாற்காலி. வரிசையாக உட்கார்ந்தோம். மடியில் எண் எழுதிய அட்டை. தலை இயல்பாகச் சாய வேண்டும் என்பதற்காக ஆளுக்கொரு பீச் பழம் கொடுத்தார்கள். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. இஸ்க்ராவும் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. மாக்தாவை அடையாளம் காட்டுவதற்கென்று முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். கருஞ்சிவப்பு விக், உதட்டில் சாயம், நிமிர்ந்த முதுகு. வெயில் தகித்தது. அந்த விக்குக்குள் தலை எப்படிக் கொதிக்கும் என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

கமிஷனர் மேடையேறினார். நல்ல நிறைந்த கூட்டம் என்பதால் குரலை உயர்த்தினார்.

"குடிமக்களே! சில பேரு கேக்கிறாங்க, இந்த ஆளு என்ன குற்றம் பண்ணினான்னு. நியாயமான கேள்வி. எங்களுக்குத் தெரியாது! குற்றவாளி யாருன்னும் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சிருந்தா விசாரணையே தேவையில்லையே! ஒண்ணுமே தெரியாததாலதான் இவ்வளவு தீவிரமா விசாரிக்கிறோம்."

மாக்தாவின் பக்கம் திரும்பினார்.

"கடைசியா கேக்கிறேன். யாரு அது?"

"அந்த ஆளு யாரை அடிச்சான்?" என்றாள் மாக்தா.

"யாரையும் இல்ல."

"எதைத் திருடினான்?"

"இதுவரைக்கும் புகார் இல்ல."

"பின்ன என்னதான் பண்ணினான்?"

"உட்கார்ந்திருந்தான். எங்களுக்குத் தெரியாம."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கமிஷனர் கையசைத்தார். ராஜாளி ரீங்காரமிட்டு எழுந்தது.

மேசைமேல் ஒரு கணினி இருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல், விமான நிலையத்தில் பேசுகிற மாதிரி இதமாக, முடிவை அறிவித்தது. லில்கோ அதைத் திருப்பிச் சொல்லி எழுதினார். முதல் நாற்காலி ரொட்டிக்கடை ஸ்பிரோ: அறுபத்திரண்டு. பாதிரியார்: ஐம்பத்தெட்டு. பல் மருத்துவர்: நாற்பது, அவருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பதினேழாவது நான். ராஜாளி என் உச்சிக்கு மேல் வந்து நின்றபோது காற்று சில்லென்று பட்டது. எழுபத்தொன்று. வேலிப் பக்கம் இஸ்க்ராவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முப்பத்தொன்றும் முடிந்தது. யாரும் தொண்ணூறைத் தொடவில்லை.

"ஆக, ஆளு உள்ளதான் இருக்கான்," என்றார் கமிஷனர் திருப்தியோடு. "இங்கேருந்து நேரா சோதனைக்குப் போறோம்." பிறகு அந்த வெயிலில் எந்த மனிதனும் செய்கிற காரியத்தைச் செய்தார். தொப்பியைக் கழற்றி, கைக்குட்டையால் தலையைத் துடைத்தார்.

தொப்பிக்கு அடியில் ஒன்றும் இல்லை. முட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது. எங்கள் ஊரில் இருப்பது முப்பத்திரண்டு வழுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராஜாளி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நடுவழியில் நின்றது. மெல்லத் திரும்பி, மேடைக்கு மேலே வந்து நின்றது.

"ஒற்றுமை: தொண்ணூற்றாறு சதவீதம்," என்றது அந்த இதமான குரல். "நபர் கண்டறியப்பட்டார். நன்றி."

"தொண்ணூற்றாறு," என்று லில்கோ திருப்பிச் சொல்லி எழுதினார்.

"அதை எழுதாத!" என்று கத்தினார் கமிஷனர். "மெஷின் தப்பு பண்ணுது!"

"மெஷின்... தப்பு... பண்ணுது," என்று லில்கோ எழுதினார். பிறகு விதிமுறைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, அந்த ஒன்பது நாளும் உங்க தலை எங்க இருந்துச்சுங்க?"

"என்னையா கேக்கிற? என் தலை எங்க இருந்துச்சுங்கிறது என் சொந்த விஷயம்!"

மேலே ராஜாளியின் ரீங்காரம் மட்டும் கேட்டது. தான் சொன்னது அவர் காதிலேயே கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது போல, கமிஷனர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"அட, இது நல்லா இருக்கே," என்றார் ரொட்டிக்கடை ஸ்பிரோ. "லில்கோ, எனக்கு ஒரு தாள் குடு. நானும் வாக்குமூலம் எழுதணும்."

எழுதினார்: 'என் தலை எங்கே இருந்தது என்பது என் சொந்த விஷயம்.' கையெழுத்துப் போட்டார். பாதிரியார் எழுதினார். பல் மருத்துவர் எழுதினார். நானும் எழுதினேன். இருபத்துநான்கு வருஷத்தில் அவ்வளவு நல்ல கையெழுத்து நான் போட்டதில்லை. கமிஷனர் சொன்னதைவிட ஒரு எழுத்துக்கூட அதிகமாக யாரும் எழுதவில்லை. முப்பத்தோரு தாள் லில்கோவிடம் சேர்ந்தது.

அப்போது மாக்தா எழுந்து மேசைக்கு வந்தாள்.

"எனக்கும் ஒரு தாள் குடுங்க."

லில்கோ அவளுடைய கருஞ்சிவப்புக் கூந்தலைப் பார்த்தார். "இது வழுக்கைக்காரங்களுக்கு மட்டும்தாங்க. உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கும் ஒரு தலை இருக்கு, சார்ஜென்ட்."

லில்கோ விதிமுறையைப் புரட்டிப் பார்த்தார். அதற்குத் தடை எதுவும் இல்லை. தாளைக் கொடுத்தார். மாக்தா நின்றபடியே எழுதினாள். நான் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி விழுந்திருந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டுக் கமிஷனரை நேராகப் பார்த்தாள். "நீங்க சொன்னதுதான் ஐயா. அப்படியே எழுதியிருக்கேன்," என்றாள்.

"ஐயா, உங்க வீட்டுக்குச் சோதனைக்கு எப்ப வரட்டுங்க?" என்று லில்கோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே கமிஷனர் காரில் ஏறிவிட்டார்.

முப்பத்திரண்டு வாக்குமூலமும் மாவட்டத் தலைமையகத்துக்குப் போயின. அங்கிருந்து பதில் வந்தது: வழக்கு நிறுத்திவைக்கப்படுகிறது, ஆனால் மூடப்படவில்லை, ராஜாளி வழக்கம்போலப் பறக்கும். ஆகவே நாங்கள் ஜெயித்தோம் என்று நான் சொல்லமாட்டேன். மாக்தா வீட்டுக்குள் அவர்கள் நுழையவில்லை. அவ்வளவுதான்.

மைதானத்திலிருந்து வந்த அன்று மாலை, இஸ்க்ரா முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்தேன். தீயைக் கிளறியபடி பேசினாள்.

"அது யாருன்னு உனக்குத் தெரியும். இல்ல?"

"தெரியும்."

"மூணு வாரமா நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன். அப்பவும் வாயத் திறக்கல நீ."

"திறக்கல." இப்போது திறந்தேன். "இஸ்க்ரா, அது வந்து..."

"வேணாம். சொல்லாத." மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "கேட்டுட்டா எனக்கும் அந்தப் பெய்கோவுக்கும் என்ன வித்தியாசம்?"

மறுநாள் காலை அவள் எங்கள் கட்டிலின் பெரிய போர்வையை, ரோஜாப்பூ போட்டதை, தோளில் போட்டுக்கொண்டு ஏணியோடு மாக்தா வீட்டுக்குப் போனாள். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முற்றத்துக் கம்பிகளில் நாலு மூலையையும் இழுத்துக் கட்டிவிட்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் ஸ்பிரோ வீட்டில் மாவு மூட்டைச் சாக்குகளைத் தைத்து ஒரு கூரை எழுந்தது. பாதிரியார் வீட்டில் தேவாலயத்துப் பழைய பீடத்துணி. சாயங்காலம் பார்த்தால் எங்கள் தெரு முழுவதும் விரிப்பும் மேசைத்துணியும், யாரோ ராணுவத்திலிருந்து கொண்டுவந்த பாராசூட்டும். ராஜாளி மேலே சுற்றிச் சுற்றிப் பூப்போட்ட துணியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சார்ஜென்ட் லில்கோ நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மாக்தா வீட்டு வாசலில் இஸ்க்ரா நின்றிருந்தாள்.

"அம்மா, பார்வைக்குத் தடையா இருக்கிற துணியெல்லாம் எடுக்கணும்னு உத்தரவு."

"தடையா? துவைச்சுக் காயப்போட்டிருக்கேன்."

"இன்னும் காயலையா?"

"நீங்களே பாருங்க."

லில்கோ கையை உயர்த்திப் போர்வையைத் தொட்டார். மூன்று நாள் வெயிலில் கிடந்து அது அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். துணிக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, 'இன்னும் ஈரம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.